மல்லியின் மரு

நம்மோடு படித்து இப்போது மலர்க் குழுவில் இருக்கிறவள் போன வாரம் போன் செய்து, "நம்ம ஸ்கூல் மலருக்கு நீயும் ஒண்ணு எழுதுடி, சந்தோஷமா எதையாவது எழுது" என்றாள். நானும் சரி என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். இப்போது மணி இரண்டரை. வீட்டுக்காரர் உள்ளே படுத்திருக்கிறார். நாலு மணிக்கு ஆட்டோ வரும். அதற்குள் எழுதி முடிக்கலாம் என்று உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. அதற்குள் இரண்டு தடவை எழுந்து போய் வாசல் கேட்டைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று.

ஆட்டோ எங்கே போகப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கழுத்தில், காதுக்குக் கீழே, எலுமிச்சங்காய் அளவுக்கு ஒரு கட்டி. ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்த ரிப்போர்ட் வந்து இன்றோடு ஆறு நாள். மகன்தான் போய் வாங்கினான், என்னிடம் சொன்னான். கேன்சர். அவரிடம் மட்டும், "நரம்புப் பிடிப்புதாம்பா, மாத்திரையில சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டான். "அப்பா தாங்க மாட்டாரும்மா, ட்ரீட்மென்ட் ஆரம்பிச்சப்புறம் மெதுவா சொல்லிக்கலாம், நீ வாயத் தொறக்காத" என்று எனக்கும் உத்தரவு.

அவர் நம்பிவிட்டார். நரம்புப் பிடிப்பு என்று சொன்னால் மனிதர் சும்மா இருப்பாரா? அவருடைய சொந்த ஊர் முசரவாக்கத்தில் சுளுக்கு எடுக்கிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். விளக்கெண்ணெய் போட்டு மூன்று நாள் அழுத்தி உருவினால் எப்பேர்ப்பட்ட பிடிப்பும் ஓடிப்போய்விடுமாம். அங்கேதான் ஆட்டோ. எண்ணெய் பாட்டில் ஹாலில் டீவி பக்கத்தில் நிற்கிறது. "அதெல்லாம் எதுக்குங்க, நான் பத்து அரைச்சுப் போடறேன்" என்று மழுப்பிப் பார்த்தேன். "வாணாம்மா, உங்கம்மா குதிரைக்குப் பாத்த வைத்தியமா ஆயிடப் போவுது" என்று சிரித்தார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குக் கை கால் ஓடவில்லை.

அந்தக் குதிரையை உங்களுக்குத் தெரியும். சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் ஜட்காவில் கட்டியிருந்த வெள்ளைக் குதிரை, மல்லி. உங்களில் பாதிப் பேர் அவள் வால்முடியை என் கையால் வாங்கிப் போனவர்கள். மறந்துபோச்சு என்று மட்டும் சொல்லாதீர்கள். யார் யாருக்கு எங்கெங்கே மரு இருந்தது என்று இந்த மலரிலேயே பட்டியல் போட என்னால் முடியும்.

எங்கள் அப்பா தறிக்காரர் வீட்டில் பிறந்தவர்தான். ஆனால் தறிக்குழியில் அவருக்குக் கால் தங்காது. "குழிக்குள்ள உக்காந்தா மூச்சு முட்டுதுபா" என்பார். பாவு நூல் வாங்கப் போகிறேன், ஜரிகை பார்க்கப் போகிறேன் என்று மெட்ராசுக்குப் போய், கிண்டியில் குதிரை ஓடுவதைப் பார்த்துவிட்டு வருவார். பந்தயம் கட்டுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. அப்படிப் பார்த்த குதிரைதான் மல்லி. முன்னங்காலில் அடிபட்டதும், இனி ஓடாது என்று லாயத்துக்காரர்கள் தள்ளிவிட இருந்தார்கள். அப்பா கெஞ்சி வாங்கி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெட்ராசிலிருந்து காஞ்சிபுரம் வரை இரண்டு நாள் கூடவே நடந்து வந்தார். ஒரு அடி கூட ஏறி உட்காரவில்லையாம். "அது காலு வலிக்குதுன்னு நொண்டிக்கினு வருது, நான் எப்படி ஏறுவேன்?" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தறியை நிறுத்தாமலே, "என்னிக்காவது எங்காலு வலிக்குதான்னு கேட்டிருக்கியா?" என்றாள்.

காகிதத்தில் அவளுக்கு ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. எங்கள் தெருவில் ஒருவர் வாயிலும் அது நுழையவில்லை. அதனால் மல்லி. பந்தயத்தில் முதுகில் போட்டுக்கொண்டு ஓடிய துணி ஒன்றும் கூடவே வந்தது. ஏழு என்று பெரிதாக எழுதிய வெள்ளைத் துணி. அப்பா அதைத் துவைத்து மடித்து, சாமி மாடத்துக்குக் கீழே வைத்திருந்தார்.

ஒரு வருஷத்தில் கால் தேறியது. ஜட்காவில் கட்டினார். காலையில் கோயிலுக்கு வருகிற வெளியூர்க்காரர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்றிவருவது, மதியம் வீட்டுக்கு வந்து இரண்டு பேரும் சாப்பிட்டுத் தூங்குவது, மறுபடி போவது. காணும் பொங்கலன்று செவிலிமேட்டிலிருந்து பாலாறு வரை ஜட்கா பந்தயம் நடக்கும். அந்த வழியில் இன்றைக்கு நான் குடியிருக்கிற தெரு அன்றைக்கு வெறும் பொட்டல். தொடர்ந்து மூன்று வருஷம் மல்லிதான் முதல். பந்தயம் முடிந்த பிறகும் நிற்க மாட்டாள். ஆற்று மணலில் வண்டிச் சக்கரம் புதைகிற வரைக்கும் ஓடித்தான் நிற்பாள்.

எனக்கு அப்போது பத்து வயது. கொள்ளு ஊறப்போடுவதும் வால் சீவிவிடுவதும் என் வேலை. கொள்ளு வேகிற வாசனை இப்போது எந்த வீட்டில் வந்தாலும் நின்றுவிடுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இன்னொரு வேலையும் இருந்தது. தறியில் அறுந்துபோன பாவு நூலைச் சாம்பல் தொட்டு முறுக்கி அம்மாவுக்கு இணைத்துக் கொடுக்க வேண்டும். என் விரல் மெலிசு என்று அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை.

ஆனால் தெருவில் என் பெருமை வால்முடியால் வந்தது. குதிரை வால்முடியை மருவின் அடியில் சுற்றிக் கட்டினால் மரு உதிர்ந்துவிடும் என்று நம் ஊரில் யாருக்குத்தான் தெரியாது? ஆளுக்கு மூன்று முடி. செவ்வாய், வெள்ளி கொடுக்க மாட்டேன். அது நானே போட்ட சட்டம், கெத்துக்காக. மூன்று நாளைக்கு ஒருமுறை இறுக்க வேண்டும் என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லி அனுப்புவேன். நம் கணக்கு டீச்சருக்கு மூக்கோரம் இருந்த மரு விழுந்தது என் புண்ணியத்தில்தான். அந்த வருஷம் கணக்கில் நான் பாஸ் ஆனதும் அப்படித்தான் என்று நீங்கள் எல்லாம் பேசிக்கொண்டது எனக்குத் தெரியும்.

நாலாவது வருஷம். தீபாவளி கழிந்த வாரம் லாடம் அடிக்கிற பாய் வந்திருந்தார். பின்னங்காலைத் தூக்கிப் பிடித்தவர் நிமிர்ந்து, "அண்ணே, இங்க வந்து பாருங்க. வாலுக்கடியில இது இன்னாது?" என்றார். அப்பா போய்ப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். நாவல்பழம் போலக் கறுப்பாக, வழவழவென்று ஒன்று, சின்னக் காம்பு வைத்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் அப்பா அவளை மாட்டாஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனார். நானும் வருகிறேன் என்று அழுதேன். விட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்பி வந்தவர் தொட்டித் தண்ணீரை எடுத்து வெகுநேரம் கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் இன்னா சொன்னாரு?" என்று அம்மா உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. மரு."

"மருவுக்கா இவ்ளோ நேரம்?"

"மருன்னா மருதான். விடேன்" என்று சிரித்தார். இடுப்பிலிருந்து வேர்க்கடலைப் பொட்டலத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

அந்தச் சிரிப்பை நான் நம்பினேன். ஏன் நம்ப மாட்டேன்? எனக்கு உலகத்தில் நன்றாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அது மரு. ஊரில் இருக்கிற மருவையெல்லாம் விழவைத்த எனக்கு எங்கள் மல்லியின் மரு எம்மாத்திரம்?

ஆனால் அவள் முடியை அவளுக்கே கட்டினால் பலிக்காது என்று எனக்கே ஒரு சந்தேகம். இரண்டு நாள் யோசித்தேன். பட்டு இருக்கிறதே! அம்மாவின் தறியில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது அரக்கு நிறப் பாவு. கழிவு நூலில் நீளமாக இருந்ததைப் பொறுக்கி, நாலாக மடித்து, சாம்பல் தொட்டு முறுக்கினேன். கையைச் சுற்றி இழுத்தால் சதையை அறுக்கும், அவ்வளவு உறுதி. மதிய மணி அடித்துச் சாப்பிட வீட்டுக்கு வருவேன் இல்லையா, அப்போது அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். மல்லி கொள்ளு தின்றுகொண்டிருப்பாள். வாலைத் தூக்கினேன். உதைக்கவில்லை. ஒரு காலை மடித்துச் சாய்ந்து நின்று கொடுத்தாள். காம்பைச் சுற்றி மூன்று சுற்று சுற்றி முடிச்சுப் போட்டேன். "பொங்கலுக்குள்ள உழுந்துடும் பாரு" என்று அவளிடம் சொன்னேன். விழுந்ததும் இலையில் மடித்து எடுத்துப் போய் அப்பாவிடம் நீட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. அவர் முகம் எப்படி ஆகும் என்று வகுப்பில் உட்கார்ந்து நினைத்து நினைத்துச் சிரிப்பேன்.

மூன்று நாளைக்கு ஒருமுறை இறுக்கினேன். இதை அப்பா எப்படிப் பார்க்காமல் போனார் என்று நீங்கள் கேட்கலாம். இப்போதுதான் எனக்கே புரிகிறது. அந்த இடத்தைப் பார்க்க அவருக்குத் தைரியம் இல்லை. வாலுக்கடியில் போகிற தோல் வாருக்குப் பழைய துணி சுற்றி மெத்தையாக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு கையால் தடவித்தான் மாட்டுவார். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து என் மகன் அவன் அப்பாவின் கழுத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, கவனித்தேன்.

கார்த்திகை கடைசியில் மல்லியின் குணம் மாறியது. வாலை அடித்துக்கொண்டே இருந்தாள். வாரை மாட்டினால் வண்டியை உதைத்தாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஆட்களை ஏற்றியதும் தறிகெட்டு ஓடி, ஜட்கா ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. யாருக்கும் பெரிய அடி இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அப்பா சாட்டையை எடுத்தார். அதுவரைக்கும் அவர் அதைக் காற்றில்தான் சொடுக்குவார். அன்றைக்கு அவள் முதுகில் இரண்டு அடி விழுந்தது. "பந்தயம் வர நேரத்துல கொழுப்பா உனக்கு?" என்று கத்தினார். அடித்துவிட்டுச் சாட்டையைத் தூக்கிக் கூரை மேல் எறிந்தார். அது அங்கேயே கிடந்து மழையில் மக்கிப்போனது.

நான் கணக்குப் போட்டேன். அந்த மரு சீக்கிரம் விழுந்துவிட்டால் அவளும் பழையபடி ஆகிவிடுவாள், அடியும் விழாது. அதனால் அன்று மதியம் மூன்றாவது நாள் ஆகாமலே இன்னும் இறுக்கினேன். அவள் உடம்பு முழுக்கச் சிலிர்த்தது. அப்போதும் என்னை உதைக்கவில்லை. இதை எழுதும்போது என் விரலில் அந்த முடிச்சு இருக்கிறது.

நாலு நாள் கழித்து ஈ மொய்த்தது. பின்னங்கால் வழியாக மை போலக் கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது, தாங்க முடியாத நாற்றம். அப்பா வாலைத் தூக்கிப் பார்த்துவிட்டார். நான் அம்மா பக்கத்தில் நூல் இணைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து தறிக்கு எதிரே நின்று உள்ளங்கையை விரித்தார். அரக்கு நூல். தறியில் ஓடுகிற பாவும் அதே அரக்கு.

"யாரு கட்டினது?"

அம்மா நூலைப் பார்த்தாள். சாம்பல் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டிருந்த என் விரலைப் பார்த்தாள். "நான்தான்" என்றாள்.

அப்பா வெளியே போனார். ஒரு மணி நேரத்தில் சைக்கிளில் மாட்டு டாக்டர் வந்தார். பார்த்தார். பார்த்துவிட்டு அவர் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும்.

"வெள்ளைக் குதிரைக்கு வர கேன்சருய்யா இது! போன மாசமே சொன்னேனா இல்லையா? தொடாம விட்டா அதுபாட்டுக்கு வருஷக்கணக்கா கிடக்கும், குதிரையும் அதுபாட்டுக்கு ஓடும். அறுக்காத, குத்தாத, கட்டாத, வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லி வைன்னு சொன்னேனே. சொன்னியா நீ?"

அம்மா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தாள்.

"கேன்சரா?" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "மருன்னு நீதானே சொன்ன?" என்றாள்.

"வெளிய தெரிஞ்சா ஒட்டிக்கும்னு வண்டில ஒருத்தரும் ஏற மாட்டாங்க. உங்ககிட்ட சொன்னா அழுவீங்க. அதான்..."

"அழுதா இன்னா?" என்றாள் அம்மா. "அழுதுட்டுப் போறோம். மருன்னு சொன்னா மருவுக்கு இன்னா பண்ணுவாங்களோ அதத்தானே பண்ணுவாங்க?"

அப்பா அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே டாக்டரிடம், "இனிமே எப்படி சார்?" என்று கேட்டார்.

"அழுகினத அறுத்து எடுக்கறேன். மருந்து எழுதித் தரேன், காலையிலும் சாயங்காலமும் கழுவிக் கட்டு. உள்ள பரவியிருந்தா நம்ம கையில இல்ல. தை தாண்டும். ஆடி தாண்டாது."

வைக்கோல் பரப்பிக் கயிறு போட்டு அவளைச் சாய்த்தார்கள். லாடக்கார பாய் காலைப் பிடித்தார். அப்பா தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஏழு எழுதிய துணியை எடுத்து வரச் சொல்லி அவள் கண்ணை மூடினார். நான்தான் எடுத்து வந்தேன். அறுத்து முடித்ததும் அதையே எடுத்துப் புண்ணில் அழுத்தினார்கள்; அந்தத் துணியும் போயிற்று, எத்தனை தடவை துவைத்தும் கறை விடவில்லை. அம்மா என்னைத் திட்டவில்லை. அன்று சாயங்காலம் தலை பின்னிவிடும்போது, "உங்கப்பா கேட்டா, நீ எங்கூட நூல் இணைச்சிக்கினு இருந்தேன்னு சொல்லு" என்றாள். அவ்வளவுதான். பின்னல் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது.

புண் ஆறியது. ஆனால் தொண்டைக்கடியில் ஒன்று கிளம்பியது. அப்புறம் இன்னொன்று. காணும் பொங்கலுக்கு அப்பா வண்டி கட்டவில்லை. சும்மா கயிற்றைப் பிடித்து அவளைப் பாலாற்றுப் பக்கம் நடத்திப் போனார். நானும் போனேன். ஜட்காக்கள் சலங்கைச் சத்தத்தோடு எங்களைத் தாண்டிப் போனபோது மல்லி காதை விறைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நாலு காலையும் மாற்றி மாற்றித் தூக்கி வைத்தாள். எல்லா வண்டியும் போய் ஆள் கலைந்த பிறகும் நிறுத்தவில்லை. "போதும்மா, போலாம் வா" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் வரவில்லை.

பங்குனியில் செத்துப்போனாள். ஆற்றங்கரையில் புதைத்துவிட்டு வந்த அப்பா மறுநாள் காலை தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். சாகிற வரைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அம்மாதான் கட்டினாள் என்று நம்பிக்கொண்டேதான் போனார். கோபம் வந்தால், "உன் கை தொட்டா உருப்படுமா?" என்று அவளைக் குத்துவார். அவள் வாயே திறக்க மாட்டாள். நானும் திறக்கவில்லை. உங்களிடம், என் வீட்டுக்காரரிடம், பிள்ளைகளிடம், எல்லாரிடமும் இந்தக் கதையை அம்மா கட்டியதாகத்தான் சொல்லியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். சீ, என்ன பிறவி நான்!

என் தங்கை மகன் மாட்டு டாக்டருக்குப் படித்தவன். ஒருமுறை அவனிடம் கேட்டேன். "கட்டாம விட்டிருந்தாலும் பரவியிருக்கலாம் பெரிம்மா, பல வருஷம் ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம். சொல்ல முடியாது" என்றான். அந்தச் சொல்ல முடியாததை வைத்துக்கொண்டுதான் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியிருக்கிறேன்.

மணி மூன்றே முக்கால். உள்ளே கட்டில் சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டார்.

மேலே உள்ளது நேற்று எழுதியது. மிச்சத்தை இன்று எழுதுகிறேன்.

அவர் சட்டை போட்டுத் தலை வாரிக்கொண்டு வந்தார். எண்ணெய் பாட்டிலை மஞ்சள் பையில் வைத்தார். "இன்னாம்மா, காபி போடலியா?" என்றார்.

"உக்காருங்க."

"ஆட்டோ வந்துடும்மா."

"வரட்டும். உக்காருங்க."

உட்கார்ந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன். "குதிரைக்கு வைத்தியம் பாத்தது எங்கம்மா இல்லீங்க. நான். மருன்னு சொன்னாங்க, அதான் கட்டினேன். உங்க கழுத்துல இருக்கிறது நரம்புப் பிடிப்பு இல்ல. அத யாரும் அழுத்தக் கூடாது."

அவர் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று. பாதியில் இறங்கி மடிக்கு வந்தது.

"கேன்சரா?"

"ஆமாங்க."

"எப்போத்திலிருந்து தெரியும்?"

"ஆறு நாளா. எனக்கும் பையனுக்கும்."

வெளியே ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் எழுந்தார். நடக்கிறாரா, விழுகிறாரா என்று நான் பின்னாலேயே போனேன். கேட்டைத் திறந்து, "இன்னிக்கு முசரவாக்கம் போவலபா. காலையில எட்டு மணிக்கு வா, ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்று நிதானமாகச் சொல்லி அனுப்பினார். திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்கப்பாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லலியா?"

"இல்ல."

"சரி. எங்கிட்ட சொல்லு. டாக்டர் சொன்னத ஒண்ணு விடாம சொல்லு."

சொன்னேன். எந்த இடத்தில் இருக்கிறது, எத்தனை தடவை மருந்து ஏற்ற வேண்டும், தலைமுடி கொட்டும், பிழைக்க வழி இருக்கிறது, உறுதி இல்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழுதார். நாற்பது வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. தடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இப்பவாவது காபி போடு" என்றார்.